படிகம் பெரிதாக இருந்தால் படலம் நல்லதாகிவிடுமா?

பெரோவ்ஸ்கைட் என்ற ஒளியுறிஞ்சும் படிகப் பொருளின் மெல்லிய படலத்தைக் கொண்டு செய்யும் சூரிய மின்கலங்களின் ஆய்வுக்குப் புதிதாக வரும் மாணவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படிகங்கள் பெரிதாகத் தெரிந்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். அதே படலத்தில் மின்கலம் செய்து அளந்தால் மின்னழுத்தம் ஏறியே இருக்காது. ‘படம் நன்றாகத்தானே இருந்தது?’ என்பார்கள். படம் மேற்பரப்பை மட்டுந்தான் காட்டுகிறது. படலத்துக்குள் சிக்கிய கரைப்பான் பிறகு ஆவியாகி, அடிப்பக்கத்தில் வெற்றிடங்களை விட்டுப் போயிருந்தால் அது மேலிருந்து தெரியாது.

2009இல் இந்தப் பொருளை வைத்து முதலில் எட்டிய செயல்திறன், அதாவது விழும் ஒளியில் மின்சாரமாக மாறும் பங்கு, 3.8 சதவீதம். இன்று ஆய்வகச் சிறு மின்கலங்கள் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. இந்த ஏற்றத்தில் பெரும்பங்கு, படிகம் எப்போது முளைக்கிறது, எப்போது வளர்கிறது என்பதைக் கட்டுக்குள் கொண்டுவந்ததால் கிடைத்தது.

செய்முறை கேட்க எளிது. ஈய அயோடைடையும் ஒரு கரிம அயோடைடையும் டிஎம்எஃப், டிஎம்எஸ்ஓ என்ற இரு கரைப்பான்களின் கலவையில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் ஊற்றிச் சுழற்றுகிறோம். கரைப்பான் குறையக் குறையக் கரைசல் மீதெவிட்டிய நிலைக்கு, அதாவது கரையக்கூடிய அளவை மீறிய நிலைக்குப் போகும். படிகக் கருக்கள் தோன்றும். தானாகக் காயவிட்டால் கருக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைக்கும். அவை ஊசியாக நீண்டு வளர, இடையே வெறும் தகடு தெரியும். அந்த இடைவெளி வழியாக மேலடுக்கும் கீழடுக்கும் தொட்டுக்கொண்டால் மின்னோட்டம் அங்கேயே கசிந்துவிடும்.

இதற்குத்தான் எதிர்க்கரைப்பான். தகடு சுழலும்போதே டொலுயீனோ குளோரோபென்சீனோ சொட்டுவார்கள். பெரோவ்ஸ்கைட் அதில் கரையாது, டிஎம்எஃப் கலந்துவிடும். எனவே பரப்பெங்கும் ஒரே நேரத்தில் கருக்கள் முளைக்கின்றன. டிஎம்எஸ்ஓவின் வேலை வேறு: அது ஈய அயோடைடுடன் பிணைந்து ஓர் இடைநிலைப் பொருளாக நின்று, வளர்ச்சியை நிதானப்படுத்துகிறது. பிறகு ஹாட் பிளேட்டில் 100 டிகிரியில் சூடேற்றும்போது டிஎம்எஸ்ஓ வெளியேற, படலம் கறுக்கிறது. கரிம அயோடைடில் மெத்திலமோனியத்துக்குப் பதில் ஃபார்மமிடினியம் என்றால் 150 டிகிரி அளவுக்குப் போக வேண்டும். அறை வெப்பநிலையில் அதற்கு நிலையானது மஞ்சள் வடிவம். நமக்கு வேண்டியதோ கறுப்பு வடிவம். சிறிது சீசியம் சேர்ப்பதெல்லாம் இந்தக் கறுப்பைத் தக்கவைக்கத்தான்.

சரி, எதிர்க்கரைப்பானை எப்போது சொட்டுவது? இதற்கான நேரம் நொடிக்கணக்கில்தான் கிடைக்கும். முந்திவிட்டால் கரைசல் இன்னும் தெவிட்டியிருக்காது. பிந்திவிட்டால் கருக்கள் தம்பாட்டுக்கு முளைத்திருக்கும். படலம் பளபளப்பில்லாமல் மங்கலாக வரும். நுண்ணோக்கிக்குப் போகும் முன் தகட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்புக்குக் கோடு ஓடினால், பெரும்பாலும் கரைசலில் துகள் இருக்கிறது, வடிகட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கலா? சொட்டு நடுவில் விழவில்லை. நேற்று சரியாக வந்த செய்முறை இன்று வராவிட்டால், குளோவ் பாக்ஸில் (கையுறை பொருத்திய மூடிய பெட்டி) உங்களுக்கு முன்னால் வேலை செய்தவர் விட்டுப்போன கரைப்பான் ஆவியைச் சந்தேகப்படுங்கள். ஆவி தேங்கினால் படலம் காய்வது தாமதமாகும், உங்கள் நொடிக் கணக்கும் தவறும். என் அனுபவத்தில், ஈய அயோடைடைக் குறைசொல்லும் பாதிப் புகார்கள் இதில்தான் வந்து முடியும்.

படிக அளவு முக்கியமில்லை என்று சொல்லவில்லை. படிகங்கள் முட்டிக்கொள்ளும் எல்லைகள் வழியாகத்தான் அயனிகள் எளிதாக நகர்கின்றன, ஈரமும் நுழைகிறது. எல்லைகள் குறைந்தால் நல்லதே. ஆனால் இடைவெளியின்றிப் பரவியிருப்பது அதற்கும் முந்திய தேவை.

செயல்திறன் செய்திகளைப் படிக்கும்போது மின்கலத்தின் பரப்பையும் தேடுங்கள். சாதனை எண்கள் பலவும் ஒரு சதுர செ.மீ.க்கும் குறைந்த பரப்பில் அளந்தவை. அகலமான தகட்டில் எதிர்க்கரைப்பானை எங்கும் ஒரே நொடியில் விழச்செய்வது கடினம். அதனால்தான் பெரிய பரப்புக்கு நைட்ரஜன் வீச்சு, வெற்றிடம் போன்ற உலர்த்தும் வழிகளுக்குப் போகிறார்கள்.

அப்புறம், கையுறை. அவசரத்தில் பைப்பெட்டிலிருந்து ஒரு சொட்டு கையில் விழுவது சகஜம். மெல்லிய நைட்ரைல் கையுறையை டிஎம்எஃப் விரைவில் ஊடுருவிவிடும். டிஎம்எஸ்ஓ தோலுக்குள் புகுவதோடு, தன்னில் கரைந்திருப்பதையும் உள்ளே இழுத்துச் செல்லக்கூடியது. நம் கரைசலில் கரைந்திருப்பது ஈயம். கரைசல் தயாரிக்கும்போது பியூட்டைல் ரப்பர் கையுறை போடுங்கள். நைட்ரைல்தான் இருக்கிறதென்றால், சொட்டு பட்ட உடனே வேலையை நிறுத்திக் கையுறையை மாற்றுங்கள். சுழலும் தகடு வீணானாலும் சரி.