ஆலையில் நச்சுவாயு தாக்கினால் ஈ.எஸ்.ஐ. தரும் உரிமை

மதுரையின் கப்பலூரிலோ கோ.புதூர் தொழிற்பேட்டையிலோ வேலை செய்யும் ஒருவர் தின்னர் ஆவியையோ குளோரினையோ சுவாசித்து மயங்கி விழும்போது, மருத்துவமனைச் சீட்டில் வெறுமனே "மயக்கம்" என்று எழுதப்பட்டால், அது சாதாரண நோயாகக் கணக்கிடப்படும். வேலையின்போது நேர்ந்த விபத்து என்று பதிவானால் அதுவே பணிக்காயமாகிறது. ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் தொழிலாளிக்குள்ள உரிமை முழுவதும் இந்த ஒரு வரியில்தான் அடங்கியிருக்கிறது.

சராசரி தினக்கூலி 600 ரூபாய் பெறுபவருக்கு நோய்க்கால உதவி 70 சதவீதம், அதாவது 420 ரூபாய். அதுவும் ஆண்டுக்கு 91 நாள்கள் வரைதான், போதிய நாள்களுக்குச் சந்தா செலுத்தியிருந்தால் மட்டுமே. பணிக்காயத்திற்கோ 90 சதவீதம், 540 ரூபாய். விபத்து நாளைத் தவிர்த்துக் குறைந்தது மூன்று நாள்கள் வேலைக்குச் செல்ல இயலாதிருந்தால், குணமாகும்வரை இது கிடைக்கும். இதற்குச் சந்தா நாள் கணக்கு இல்லை என்பதால், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு. உயிரிழப்பு நேர்ந்தால் சார்ந்திருப்போருக்கு மாத உதவித்தொகை வழங்கப்படும். 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டம் தந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் இத்திட்டத்திற்குள் வருவர். காண்ட்ராக்டர் வழியாக வந்தவர்களும் இதில் அடக்கம். முதலாளி சந்தா கட்டத் தவறியிருந்தாலும் தொழிலாளி தம் கோரிக்கையைக் கைவிடத் தேவையில்லை. ஈ.எஸ்.ஐ. கழகம் பலனை வழங்கிவிட்டு அத்தொகையை முதலாளியிடம் வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது.

நச்சு வாயுக்களின் இயல்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு செறிவு கூடும்போது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடுகிறது. நாற்றம் நின்றதை ஆபத்து நீங்கியதாக எண்ணி உள்ளே இறங்கக் கூடாது. குளோரின், நைட்ரஜன் ஆக்சைடு போன்றவை நுரையீரலில் நீர் கோக்கச் செய்வது சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம். ஷிப்டு முடித்து வீடு சென்றவருக்கு இரவில் மூச்சுத் திணறினால், அழைத்துச் செல்லும் உறவினர், பகலில் எந்த வேதிப்பொருளோடு வேலை செய்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் செய்ய வேண்டும். சிகிச்சைக்கும் அதுவே வழிகாட்டும். டப்பாவின் லேபிளை அலைபேசியில் படமெடுத்து வைத்திருப்பது மிக நல்லது.

சிகிச்சைக்கு மதுரை தத்தனேரி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, உயிருக்கு ஆபத்தென்றால் அருகிலுள்ள எந்த மருத்துவமனைக்கும் முதலில் கொண்டு செல்லலாம். விபத்து அறிக்கையை அனுப்புவது நிர்வாகத்தின் கடமை. அது அனுப்பப்பட்டதா என்று, உடன் வேலை செய்தவர்களின் பெயர்களையும் இன்சூரன்ஸ் எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு, ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் சில நாள்களுக்குள் கேட்டறிய வேண்டும்.