தலையை அசைச்சா கிராஸ்ஹேர் ஏன் வழுக்குது?

வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தார். புதுசா நல்ல விலையில ஒரு ரைஃபிள் ஸ்கோப் (துப்பாக்கி மேல மாட்டிக் குறி பாக்குற குட்டி டெலஸ்கோப்) வாங்கியிருக்கார், மணல் பை மேல அசையாம வச்சுட்டு உள்ள பாத்தா படம் பளிச்சுன்னு இருக்கு, ஆனா தலையை லேசா மேல கீழ அசைச்சா கிராஸ்ஹேர், அதாவது குறி வைக்க உள்ள தெரியற சிலுவைக் கோடு, டார்கெட் மேல வழுக்கிக்கிட்டே போகுது. ஸ்கோப் பழுதா, என் கண்ணுல கோளாறா, அப்படின்னா நல்ல ஸ்கோப்னு எதை வச்சுதான் சொல்றதுன்னு மூணையும் ஒரே மூச்சுல கேட்டுட்டார்.

பழுதெல்லாம் இல்ல, கண்ணும் நல்லாத்தான் இருக்கு. இது பேரலாக்ஸ், ஸ்கூல்ல இடமாறு தோற்றம்னு படிச்சோமே அதேதான். விரலை நீட்டி வச்சு ஒரு கண்ணை மாத்தி ஒரு கண்ணை மூடினா விரல் சுவத்து மேல தாவுது பாருங்க, அந்த சமாச்சாரம். ஆனா ஸ்கோப்புக்குள்ள அது எப்படி நடக்குதுங்கிறது இருக்கே, எனக்கு ஆப்டிக்ஸ்லயே ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான், அதனால மூணாவது கேள்விக்கு நான் வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகும்.

முதல்ல உள்ள என்ன இருக்குன்னு வேகமா பாத்துடலாம். முன்னாடி இருக்குற பெரிய லென்ஸ் ஆப்ஜெக்டிவ். தூரத்துல இருக்குறதை அது குழாய்க்குள்ள தலைகீழா ஒரு சின்ன பிம்பமா விழ வைக்கும். நடுவுல ஒரு லென்ஸ் கூட்டம் அதை நிமிர்த்தும், அதை முன்ன பின்ன நகர்த்துனா ஜூம். பின்னாடி ஐபீஸ், நிமிர்ந்த பிம்பத்தைப் பெருசாக்கிக் கண்ணுக்குக் குடுக்கும். கலிலியோ வச்சிருந்த மாதிரி டெலஸ்கோப்ல குழாய்க்குள்ள நிஜ பிம்பம்னு ஒண்ணு உருவாகவே உருவாகாது, அதனால அதுல கிராஸ்ஹேர் வைக்க இடமே கிடையாது. 1611-ல கெப்ளர் ரெண்டு பக்கமும் குவி லென்ஸ் போட்ட டிசைனைச் சொன்னதுக்கு அப்புறம்தான் அந்த இடம் கிடைச்சுது. அங்க எதையாவது வச்சா அது படத்தோட சேர்ந்து துல்லியமா தெரியும்ங்கிறதைக் கண்டுபிடிச்சது 1640 வாக்குல வில்லியம் கேஸ்காய்ன்னு ஒரு இங்கிலாந்து வானியல் ஆர்வலர், அதுவும் அவரோட கருவிக்குள்ள ஒரு சிலந்தி இழை விட்டுட்டுப் போனதால. ஒரு பூச்சி பண்ணின உபகாரம். பாவம் மனுஷன் 1644-ல போர்ல செத்துப்போயிட்டார்.

சரி, இப்ப விஷயம். கிராஸ்ஹேர் இருக்குற தளமும் டார்கெட்டோட பிம்பம் விழுற தளமும் ஒண்ணா இருந்தா ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும், நீங்க எங்க இருந்து பாத்தாலும் விலகாது. ஆனா டார்கெட் பக்கத்துல வந்தா பிம்பம் பின்னாடி தள்ளி விழும், தூரமா போனா முன்னாடி விழும். கிராஸ்ஹேர் மட்டும் அதே இடத்துல நிக்கும். ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி வந்துச்சுன்னா கண் நகரும்போது ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும். இதுவரைக்கும் எல்லாரும் சொல்றதுதான்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்க. ஒளி போற வழி எந்தப் பக்கம் போனாலும் ஒரே வழிதான். அப்போ கிராஸ்ஹேர்ல இருந்து ஆப்ஜெக்டிவ் வழியா வெளிய போற ஒளி எங்க போய்க் குவியும்? ஸ்கோப்பை 100 மீட்டருக்கு செட் பண்ணியிருந்தா, சரியா 100 மீட்டர்ல. அதாவது உங்க கிராஸ்ஹேர் கணக்குப்படி குழாய்க்குள்ளயே இல்ல, வெளிய 100 மீட்டர் தள்ளி அந்தரத்துல தொங்குற ஒரு பெரிய சிலுவை அது. டார்கெட் 200 மீட்டர்ல இருந்தா, சிலுவை உங்களுக்கும் டார்கெட்டுக்கும் சரியா பாதி வழியில தொங்குது. அப்ப தலையை அசைச்சா வழுக்காம என்ன பண்ணும்?

எவ்ளோ வழுக்கும்ங்கிறது அடுத்தது. இதுக்கு நீங்களே ஒரு சின்ன சோதனை பண்ணலாம். ஸ்கோப்பைத் துப்பாக்கியில இருந்து கழட்டி, சூரியன் இல்லாத பக்கம் வெளிச்சமான வானத்தைப் பாத்து, கையை நீட்டிப் பிடிங்க. ஐபீஸ்ல ஒரு சின்ன வெள்ளை வட்டம் மிதக்குறது தெரியும். ஜூமைக் கூட்டினா வட்டம் சுருங்கும், குறைச்சா பெருசாகும். அதுதான் எக்ஸிட் பியூப்பில். இப்ப ஆப்ஜெக்டிவ் முன்னாடி ஒரு பென்சிலைக் குறுக்க வச்சீங்கன்னா அந்தக் குட்டி வட்டத்துக்குள்ள குட்டியா பென்சில் நிழல் தெரியும். ஏன்னா அந்த வட்டமே ஆப்ஜெக்டிவோட பிம்பம்தான்! முன்னாடி இருக்குற 40 மிமீ கண்ணாடி 10 மடங்கு ஜூம்ல 4 மிமீயா சுருங்கிப் பின்னாடி நிக்குது.

அப்படின்னா என்ன ஆகுதுன்னா, அந்த 4 மிமீ வட்டத்தோட நடுவுல இருந்து விளிம்புக்குக் கண்ணை 2 மிமீ நகர்த்துனா, கணக்குப்படி நீங்க முன்னாடி ஆப்ஜெக்டிவோட நடுவுல இருந்து விளிம்புக்கு 20 மிமீ நகர்ந்து பாக்குறீங்க. தலை அதுக்கு மேல போனா படம் இருட்டிப்போயிடும். ஆக என்னதான் தலையை ஆட்டினாலும் உங்க கண் நகரக்கூடிய எல்லை ஆப்ஜெக்டிவோட அரைவிட்டம்தான், ஜூம் எவ்ளோ வச்சாலும் இந்த எல்லை மாறாது. கணக்கு அஞ்சாங்கிளாஸ் முக்கோணம்தான். 40 மிமீ ஆப்ஜெக்டிவ், சிலுவை 100 மீட்டர்ல, டார்கெட் 200 மீட்டர்ல, அப்ப அதிகபட்ச பிழை 20 மிமீ. டார்கெட் 50 மீட்டர்ல இருந்தா 10 மிமீ. 300 மீட்டர்னா 40 மிமீ. அவ்ளோதான், அதுக்கு மேல போகவே முடியாது. ஜூம் கூடுனா பேரலாக்ஸ் கூடும்னு நிறைய பேர் சொல்வாங்க, கூடுறது பிழை இல்ல, அது கண்ணுல படுற அளவுதான். குழாய்க்குள்ள இருக்குற லென்ஸ் ஒவ்வொண்ணையும் தனித்தனியா கணக்குப் போடாம, ரெண்டு முனையை மட்டும் பாத்தே இவ்ளோ சொல்ல முடியுதுங்கிறது எனக்கு இன்னிக்கும் சந்தோஷமா இருக்கு.

இதுக்குத்தான் நல்ல ஸ்கோப்ல பக்கவாட்டுல ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருப்பினா உள்ள ஒரு லென்ஸ் நகர்ந்து சிலுவையைக் கொண்டுபோய் டார்கெட் மேலயே வைக்கும். வாசகர் செய்யாம விட்டது இதுதான்னு நினைக்கிறேன். அவர் கேட்கலாம், படம்தான் பளிச்சுன்னு இருந்துச்சே, அப்புறம் என்ன? இங்கதான் கண்ணு ஏமாத்தும். கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸ் தானா ஃபோகஸ் மாத்திக்கும், அதனால ரெண்டு தளமும் கொஞ்சம் விலகி இருந்தாலும் ரெண்டுமே ஷார்ப்பா இருக்குற மாதிரி சமாளிச்சுடும். சாதாரணக் கண்ணுக்குப் பக்கத்துப் பக்கத்துல இருக்குற ரெண்டு புள்ளியைப் பிரிச்சுப் பாக்க சுமார் 60 ஆர்க் செகண்ட் இடைவெளி வேணும் (ஒரு டிகிரியில 3600-ல ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்ட்). ஆனா ஒரு கோடு இன்னொரு கோட்டோட நேரா இருக்கா விலகி இருக்காங்கிறதை 5, 10 ஆர்க் செகண்ட்லயே கண்டுபிடிச்சுடும். வெர்னியர் அளவுகோல் வேலை செய்யறதே இந்தத் திறமையாலதான். அதனால ஷார்ப்பா இருக்கான்னு பாத்துக் குமிழைத் திருப்புறதை விட, தலையை ஆட்டி வழுக்கல் நிக்குற வரைக்கும் திருப்புறது பல மடங்கு துல்லியம். குமிழ் மேல அச்சடிச்ச மீட்டர் நம்பரை சும்மா ஒரு குறிப்பா வச்சுக்கோங்க.

ஆனா அதுக்கு முன்னாடி ஐபீஸ் ஃபோகஸை சரி பண்ணணும். வெறும் வானத்தையோ வெள்ளை சுவரையோ பாத்து, ஒரு நொடி பாத்துட்டு கண்ணை எடுத்துட்டு, கிராஸ்ஹேர் உடனே ஷார்ப்பா தெரியற வரைக்கும் திருப்பணும். உத்துப் பாத்துக்கிட்டே திருப்பினா கண்ணு மறுபடியும் தானே சரி பண்ணிக்கும்.

இப்ப தரத்துக்கு வர்றேன். கேட்லாக்ல பெருசா போடுறது ஒளி கடத்தும் சதவீதம், 90, 92, 95ன்னு. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொண்ணும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிடும், 20 பரப்பு இருந்தா பாதிக்கு மேல காலி, 44 சதவீதம்தான் மிஞ்சும். 1935-ல ஜெர்மனியோட ட்ஸைஸ் லென்ஸ் கம்பெனியில ஸ்மகுலா எதிரொளிப்பைத் தடுக்குற பூச்சைக் கண்டுபிடிச்சதால இந்தக் கதை மாறுச்சு, பரப்புக்கு அரை சதவீத இழப்புன்னா அதே 20 பரப்புல 90 சதவீதம் வந்துடும். அது நிஜமான புரட்சி. ஆனா 90க்கும் 93க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால சொல்றது ரொம்பக் கஷ்டம், வெளிச்சத்தை நம்ம கண்ணு விகிதத்துலதான் அளக்கும். அதுக்கு மேல குழாய் 34 மிமீயா இருந்தா 30 மிமீயை விட வெளிச்சம் கூட வரும்னு ஒரு நம்பிக்கை, ராசிக்கல் மோதிரம் போடுறதும் இதுவும் ஒண்ணு. குழாய் பெருசானா கிடைக்குறது டரட்டைத் (கிளிக் கிளிக்குனு திருப்பிக் குறியை நகர்த்துற குமிழ்) திருப்ப அதிக இடமும் உறுதியும்தான். வெளிச்சத்தை முடிவு பண்றது ஆப்ஜெக்டிவும் ஜூமும்.

அந்த ரெண்டையும் வச்சு ஒரு சின்ன கணக்கு. 50 மிமீ ஆப்ஜெக்டிவ் எவ்ளோ நல்ல கண்ணாடியா இருந்தாலும் சுமார் 2.3 ஆர்க் செகண்டுக்குக் கீழ பிரிச்சுக் காட்டாது, இது ஒளியோட அலைத்தன்மை போட்ட எல்லை. கண்ணுக்கு 60 வேணும். வகுத்துப் பாத்தா 26 மடங்கு வருது. அதுக்கு மேல ஜூம் பண்ணா அதே விவரம் இன்னும் பெருசா, இன்னும் மங்கலா தெரியும். 25 மடங்குல எக்ஸிட் பியூப்பில் 2 மிமீ ஆயிடும், கண்ணை அதுக்குள்ள கொண்டுவந்து நிறுத்துறதே ஒரு வேலை. அதிலயும் ஐபீஸ் டிசைன் மோசமா இருந்தா தலை கொஞ்சம் விலகுனதும் அவரைவிதை ஷேப்ல கருப்பு நிழல் சுத்தும். விலை கூடின ஸ்கோப்ல நான் முதல்ல பாக்குறது இதைத்தான், கண்ணை மூடிட்டுத் தோள்ல வச்சு, திறந்ததும் முழுப்படம் உடனே கிடைக்குதா இல்ல தேடணுமா.

ஒவ்வொரு நிறமும் வேற வேற இடத்துல குவியறதுதான் நிறப்பிழை, அதைப் பாக்க பளிச்சுன்னு இருக்குற வானத்துக்கு எதிர்ல ஒரு கருப்புக் கம்பியோ இலையில்லாத கிளையோ போதும். விளிம்புல ஊதாவும் பச்சையும் தெரிஞ்சா அதுதான். ரெண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்து ரெண்டு நிறத்தை ஒரே இடத்துல குவிக்கிற வித்தைக்கு 1758-ல டாலண்ட்னு ஒரு இங்கிலாந்து லென்ஸ்காரர் பேடண்ட் வாங்கினார், மூணாவது நிறத்தையும் கொண்டுவர ட்ஸைஸ் கம்பெனியோட ஆபே ஃபுளோரைட்ங்கிற படிகத்தைத் தேடிப் போகவேண்டி வந்துச்சு, இப்ப ஈடி கண்ணாடின்னு போடுறாங்களே அதெல்லாம் அந்த வம்சம்தான். ஆனா ஈடின்னு எழுதினதாலயே நல்ல ஸ்கோப் ஆயிடாது, உள்ள கருப்புப் பெயிண்ட் ஒழுங்கா அடிக்கலைன்னா எல்லாம் வீண். சாயந்திரம் சூரியன் இருக்குற பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி நிழலான இடத்தைப் பாருங்க (சூரியனைப் பாத்துடாதீங்க, கண்ணு போயிடும்). மோசமான ஸ்கோப்ல படம் முழுக்க பால் கலந்த மாதிரி வெளுக்கும். இதை அளக்க ஐஎஸ்ஓ 14490-ங்கிற சர்வதேசத் தரநிலையில தனியா ஒரு பகுதியே இருக்கு, ஆனா அந்த எண்ணைக் கேட்லாக்ல தேடிப் பாருங்க, ஒளி கடத்தும் சதவீதம்தான் கொட்டை எழுத்துல இருக்கும். அளவுமுறையை உருவாக்க அவ்ளோ உழைப்பைப் போட்டுட்டு, முடிவை வாங்குறவனுக்குச் சொல்லாம விடுறதுல எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு.

கண்ணாடி எல்லாம் சரியா இருந்து டரட் பொய் சொன்னா என்ன பிரயோஜனம்? டரட்டோட ஒரு கிளிக் 0.1 மில்லிரேடியன்னா (இது கோணத்தோட அளவு) 100 மீட்டர்ல 1 செமீ. ஸ்கோப்பை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப்ல மாட்டி, நாடாவால அளந்த 100 மீட்டர்ல ஒரு பெரிய ஸ்கேலை நிறுத்தி, 100 கிளிக் திருப்பினா கிராஸ்ஹேர் சரியா 1 மீட்டர் நகரணும், திருப்பி வந்தா பழைய இடத்துக்கே வரணும். முதல் அஞ்சு கிளிக் சரியா இருக்குறதை வச்சு முடிவு பண்ணாதீங்க, பிழை சேர்ந்துதான் தெரியும். இதுக்கும் முன்னாடி பேரலாக்ஸை ஒழுங்கா எடுத்துடணும், இல்லைன்னா தலை நகர்ந்ததை டரட் மேல பழி போட்டுடுவீங்க.

இதையெல்லாம் உச்சி வெயில்ல பண்ணாதீங்க. தரையில இருந்து எழும்புற சூடான காத்து படத்தைக் கொதிக்க வைக்கும், அப்ப எந்த ஸ்கோப்பும் ஒரே மாதிரி மோசமாத்தான் தெரியும். விடிஞ்ச கொஞ்ச நேரத்துல, இல்ல மேகம் மூடின நாள்ல, ரெண்டு ஸ்கோப்பையும் பக்கத்துல பக்கத்துல ட்ரைபாட்ல வச்சு, ஒரே ஜூம்ல, ஒரே டார்கெட்டைப் பாருங்க. கடையில கண்ணாடி ஜன்னல் வழியா எதிர்க் கட்டடத்தைக் காட்டினா நீங்க சோதிக்கிறது அந்த ஜன்னல் கண்ணாடியைத்தான்.