ஜன்னல் திரையை ஏன் உயர்த்தச் சொல்கிறோம்?

விமானம் புறப்படும்போதும் இறங்கும்போதும் ஜன்னல் திரையை உயர்த்தச் சொன்னால் பயணிகள் பலர் முகம் சுளிப்பதை, விமானப் பணியாளராக என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். வெளியே தீயோ புகையோ இருக்கிறதா என்று பார்க்காமல் அந்தப் பக்கத்துக் கதவைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் பயிற்சியின் தொடக்கப் பாடம்; இரவில் விளக்கை மங்கவைப்பதும், வெளியேற நேர்ந்தால் கண் இருளுக்குப் பழகியிருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்தச் சில நிமிடங்கள் மடக்கு இருக்கையில் பட்டையை இறுக்கிக்கொண்டு, என் கதவு எது, கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும், உதவக்கூடிய திடகாத்திரமான பயணி எங்கே அமர்ந்திருக்கிறார் என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

எங்கள் முதல் வேலை பாதுகாப்பு என்பதைப் பயணிகள் அறியாததற்கு அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 1930இல் அமெரிக்காவில் முதல் விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்த எலன் சர்ச் ஒரு செவிலியர். 1958இல் போயிங் 707 அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கிய ஜெட் காலத்திலோ, விமான நிறுவனங்கள் பணிப்பெண்ணின் இளமையையும் புன்னகையையும் காட்டியே பயணச்சீட்டு விற்றன. ஏர் இந்தியாவில் பணிப்பெண்களுக்கு 35 வயதில் ஓய்வு, முதல் கருத்தரிப்பிலேயே பணிநீக்கம் என்ற விதிகள் இருந்தன. 1981இல் நர்கேஷ் மீர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் கருத்தரிப்பு விதியை ரத்து செய்தது. ஆனால், பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் கூடாது என்ற விதியை ஏற்றுக்கொண்டது. அனுபவம் கைகூடும் வயதில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு, பாதுகாப்பை மனத்தில் வைத்து யோசித்தவர்கள் செய்ததாக இருக்க முடியாது.

44 இருக்கைகளுக்கு மேற்பட்ட புதிய விமான வகைக்குச் சான்று வேண்டுமானால், பாதிக் கதவுகளை மட்டுமே பயன்படுத்தி அனைவரையும் 90 வினாடிகளில் வெளியேற்றிக் காட்ட வேண்டும். அந்தச் சோதனையில் யாரும் தலைக்கு மேலுள்ள பெட்டியைத் திறந்து பையைத் தேடுவதில்லை. உண்மை விபத்துகளில் தேடுகிறார்கள். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா ஓடுபாதையில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மற்றொரு விமானத்தில் மோதித் தீப்பற்றியபோது, அறிவிப்புக் கருவி செயலிழந்தது. எட்டுக் கதவுகளில் மூன்றைத்தான் திறக்க முடிந்தது. பணியாளர்கள் மெகாஃபோனிலும் வெறும் தொண்டையிலும் கத்தியே வழிநடத்தினார்கள். ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் இருந்த 379 பேரும் உயிரோடு வெளியேறினார்கள் என்றால், பயணிகள் பெரும்பாலும் பைகளை விட்டுவிட்டு வந்ததும் அதற்கு ஒரு காரணம். பெட்டியின் கூர்முனை பட்டால், கதவிலிருந்து தரைக்கு விரியும் காற்றடைத்த சறுக்குப் பாதையே கிழிந்துவிடும். ஒரு கதவு போய்விடும்.

பாஸ்போர்ட்டையும் அன்றாட மாத்திரையையும் விட்டுவர மனம் வராது என்பது எங்களுக்கும் தெரியும். புறப்படும்போதும் இறங்கும்போதும் அவற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், காலணியையும் கழற்றாதீர்கள்.