முகம் பார்த்துத் துப்பும் நாகம்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உள்ள வெருலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இரவு மழை விட்ட நேரம், துணி துவைக்கும் அறையில் நாய் விடாமல் குரைத்திருக்கிறது. அவருடைய கொழுந்தனார் விளக்கைப் போட்டு எட்டிப் பார்த்தார். சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு பாம்பு படமெடுத்து நின்றது. முதுகு பழுப்பு, கழுத்தின் கீழ்ப்பக்கம் இளஞ்சிவப்பு, அதில் குறுக்கே கறுப்புப் பட்டைகள். துடைப்பத்தை நீட்டி ஆட்டியிருக்கிறார். பாம்பு அதைச் சட்டை செய்யவே இல்லை. வீட்டாரைக் கூப்பிட அவர் சட்டென்று தலையைத் திருப்பியதும் துப்பிவிட்டது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் பிழைத்தார். கழற்றிப் பார்த்தால் இரண்டு வில்லைகளிலும் பிசுபிசுவென்று துளிகள். நாய்க்கு ஒரு கண் வீங்கிவிட்டது.

வாசகியின் கேள்வி இதுதான்: “ஐயா, துடைப்பம் அதன் மூக்குக்கு நேரே இருந்தது. அதை விட்டுவிட்டுத் தள்ளி நின்றவரின் கண்ணைப் பாம்பு எப்படிக் கண்டுபிடித்தது? நாகம்மாவுக்கு எங்கள்மேல் ஏதோ கோபம் என்கிறார் மாமியார். அப்படி ஏதாவது இருக்குமா?”

வந்தது மொசாம்பிக் துப்பும் நாகம். பக்கத்து வீட்டு ஜூலுக்காரர்களைக் கேட்டால் இம்ஃபேசி என்பார்கள். ஒரு மீட்டர் நீளம் இருந்தால் நன்றாக வளர்ந்த பாம்பு. அது எதற்காக வந்தது என்பதில் மர்மம் ஏதும் இல்லை. கோடை மழைக்குப் பிறகு டர்பன் வட்டாரத்துச் சாக்கடையோரமெல்லாம் தேரைகள் கத்துகின்றன. வீட்டு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தேரை வரும், தேரைக்கு நாகம் வரும். (டர்பனில் கத்துகிற இதே தேரை இனத்தைத்தான் கரும்பு வண்டுகளை ஒழிப்பதற்கென்று 1922-ல் மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தேரை பெருகியது; அதைத் தின்ன நாகம் இல்லை.) டோங்காட், வெருலம் பக்கம் கரும்பை வெட்டுவதற்கு முன் தோகைக்குத் தீ வைக்கும்போது எலிகள் வீடுகளைத் தேடி ஓடிவரும். அவற்றின் பின்னால் யார் வருவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களுக்குப் பாம்பு புதிதல்ல. ஆனால் அவர்கள் ஊரில் பார்த்துப் பழகிய நல்ல பாம்பு சீறும், கொத்தும், துப்பாது. எட்டி நின்றால் தப்பித்தோம் என்ற கணக்கு அங்கே செல்லும். நேட்டாலின் கரும்புக் காட்டில் அந்தக் கணக்கு இரண்டு, மூன்று மீட்டர் தூரத்துக்குச் செல்லாது.

துப்புதல் என்கிறோமே தவிர, எச்சிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. நல்ல பாம்பின் நச்சுப்பல்லும் இந்த நாகத்தின் நச்சுப்பல்லும் உள்ளே துளையுள்ள குழாய்கள்தாம். வேறுபாடு முனையில் இருக்கிறது. நல்ல பாம்பின் பல்லில் விஷம் வெளியேறும் வாய் நீளவாக்கில் கீழ்நோக்கித் திறந்திருக்கும். கடித்த சதைக்குள் விஷம் இறங்க அதுவே வசதி. துப்பும் நாகத்தின் பல்லில் அந்த வாய் சிறியது, ஏறக்குறைய வட்டமானது, முன்பக்கம் பார்த்தது. பல்லுக்குள் கீழ்நோக்கி வரும் விஷம் கடைசியில் செங்கோணத்தில் திரும்பி முன்னே பாய்கிறது. பல்லைச் சுற்றி ஒரு சதை உறையும் உண்டு. சாதாரண நேரத்தில் விஷம் வடியாமல் அது தடுக்கிறது. துப்பும்போது மேலண்ணத்து எலும்பை இழுக்கும் தசை ஒன்று அந்த உறையை மேலே தூக்கிவிடுகிறது. அதே கணத்தில் தாடைத் தசை விஷச் சுரப்பியைப் பிழிகிறது. இரண்டு பற்களிலிருந்தும் இரண்டு தாரைகள். எல்லாம் ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். நாகத்தின் இரண்டு நச்சுப்பற்களுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. மனிதனின் இரண்டு கண்களுக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறது. தலையை அசைக்காமல் நேராகத் துப்பினால் இரண்டு தாரைகளும் அடுத்தடுத்து மூக்கிலோ நெற்றியிலோ விழும். கண்ணில் படுவது தற்செயல். தாரையை மெல்லியதாக்கினால் தூரம் கிடைக்கும், அகலம் கிடைக்காது. தூறலாகத் தெளித்தால் அகலம் கிடைக்கும், தூரம் போகாது. நாகம் இரண்டையும் சேர்த்துப் பெறுகிறது. விஷம் வெளியேறும் அந்தக் குறுகிய நேரத்துக்குள்ளேயே தலையைப் பக்கவாட்டிலும் மேலும் கீழுமாக வெடவெடவென்று ஆட்டிவிடுகிறது. பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் ரப்பர் குழாயின் வாயை விரலால் நெருக்கிக்கொண்டு மணிக்கட்டை ஆட்டுவாரே, அந்த வேலைதான். தாரை தாரையாகவே பறக்கிறது. போய் விழும் தடம் மட்டும் வளைந்து நெளிந்து முகம் முழுக்கப் படர்கிறது. நம் வெறும் கண்ணுக்கு இந்த ஆட்டம் தெரியாது. அதிவேகக் கேமரா வந்த பிறகுதான் தெரிந்தது.

இதில் எவ்வளவு குறி தப்பும்? ஜெர்மனியின் பான் நகரத்து ஆய்வாளர்கள் நம் பாம்பின் ஒன்றுவிட்ட உறவினர்கள் இரண்டை 2005-ல் சோதித்தார்கள். 60 சென்டிமீட்டர் தூரத்தில் கருங்கழுத்து நாகம் பத்துக்கு எட்டு முறை ஒரு கண்ணையாவது தொட்டது. சிவப்புத் துப்பும் நாகம் ஒருமுறைகூடத் தவறவில்லை. துடைப்பத்துக்கான விடையும் அந்த ஆய்வில் இருக்கிறது. அசையும் முகத்தைக் காட்டினால் பாம்பு துப்பியது. முகத்தை அதே அளவில் காட்டும் புகைப்படத்தை அசைத்தாலும் துப்பியது, படத்தில் கண்களை நீக்கிவிட்ட பிறகும் துப்பியது. கையை ஆட்டினால் துப்பவில்லை. அசையாத முகத்தைப் பார்த்தும் துப்பவில்லை. ஆக, பாம்பு தேடுவது கண்ணை அல்ல. முகம் என்ற உருவத்தையும் அதன் அசைவையும்.

அசைவு என்றால் எத்தகைய அசைவு? இதற்கு அமெரிக்க விலங்கியலாளர் புரூஸ் யங் தன் முகத்தையே பணயம் வைத்தார். முகத்தை மறைக்கும் ஒளிபுகும் கவசத்தில் முடுக்கமானிகளைப் பொருத்திக்கொண்டு நாகங்களுக்கு எதிரே நின்று தலையை ஆட்டி ஆட்டி அவற்றைச் சீண்டினார். அவர் தலை எப்போது எவ்வளவு வேகமாகத் திரும்பியது என்பதைக் கருவி பதிந்துகொண்டது; பாம்பைக் கேமரா படமெடுத்தது. 2010-ல் வெளியான முடிவு: தலை சீராக அசைந்துகொண்டிருக்கும்போது பாம்பு அதைப் பின்தொடர்ந்து தன் தலையைத் திருப்புகிறது, அவ்வளவே. எதிராளி சட்டென்று தலையை வெட்டித் திருப்பும்போதுதான் துப்புகிறது. அந்த வெட்டுக்கும் துப்பலுக்கும் இடையே ஏறத்தாழ 200 மில்லிநொடி. அதற்குள் முகம் இடம் மாறியிருக்கும். அதனால் நாகம், முகம் இருந்த இடத்துக்குத் துப்புவதில்லை. 200 மில்லிநொடி கழித்து எங்கே இருக்கும் என்று கணித்து, தன் தலையை அந்தப் பக்கம் விரைவாக வீசிக்கொண்டே துப்புகிறது. ஓடும் பந்தைப் பிடிக்க நமக்கு எவ்வளவு பெரிய மூளை தேவைப்படுகிறது! இந்தப் பிராணியின் மூளை எம்மாத்திரம்? வெருலத்துக் கொழுந்தனார் வீட்டாரைக் கூப்பிடத் திரும்பினாரே, அதைவிடப் பொருத்தமான அழைப்பைப் பாம்புக்கு யாரும் விடுத்திருக்க முடியாது.

குறி பார்த்துவிட்டால் போதுமா? தண்ணீர் பட்டால் யாரும் ஓடமாட்டார்கள். கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் கார்னியா என்ற ஒளி ஊடுருவும் படலத்தில் வலி நரம்புகள் மிக நெருக்கமாக முடிகின்றன. நாகங்களின் விஷத்தில் செல் உறையைத் துளைக்கும் சிறு புரதங்கள் பழங்காலத்திலிருந்தே உண்டு, துப்பாத நாகங்களிலும் உண்டு. துப்பும் நாகங்கள் இதனுடன் பாஸ்போலிப்பேஸ் என்ற நொதியைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டன. லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் 2021-ல் ‘சயின்ஸ்’ இதழில் இதை விளக்கினார்கள். சுண்டெலியின் முக நரம்புச் செல்களில் புரதத்தை இட்டால் செல்கள் கிளர்ச்சியுறுகின்றன. அதோடு அந்த நொதியையும் சேர்த்தால் கிளர்ச்சி பன்மடங்காகிறது. கொல்வதற்கான கலவை அல்ல இது. வலிக்க வைப்பதற்கென்றே கூட்டிய கலவை.

இன்னொரு செய்தியும் அதே கட்டுரையில் இருக்கிறது. துப்பும் பழக்கம் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததல்ல. ஆப்பிரிக்க நாகங்களில் ஒருமுறை, ஆசிய நாகங்களில் ஒருமுறை, நம் மிட்லண்ட்ஸ் புல்வெளிகளில் இருக்கும் ரிங்கால்ஸ் என்ற பாம்பில் ஒருமுறை, ஆக மூன்று முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. மூன்று முறையும் விஷத்தில் அதே நொதிதான் கூடியிருக்கிறது. அப்படிக் கூட வைத்த எதிரி யார்? ஆப்பிரிக்காவில் துப்பும் நாகங்கள் தோன்றிய காலம் நம் மூதாதையர் சிம்பன்ஸியின் கிளையிலிருந்து பிரிந்த காலத்தை ஒட்டி வருகிறது. ஆகவே நிமிர்ந்து நடந்து, கல்லும் கம்பும் எடுத்துத் தூரத்திலிருந்தே அடித்த பிராணிகள்தாம் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் யூகம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் காலம் ஒத்துப்போவது மட்டும் சாட்சி ஆகிவிடாது. இன்னும் புதைபடிவங்கள் கிடைக்கட்டும்.

மாமியாரின் கேள்விக்கு வருகிறேன். புற்றுக்குப் பால் ஊற்றுவதை நான் கேலி செய்யமாட்டேன். ஜூலு மக்களிடமும் முன்னோர் பாம்பு வடிவில் வீடு தேடி வருவார்கள் என்ற நம்பிக்கை உண்டு. அதனாலேயே எத்தனையோ பாம்புகள் அடிபடாமல் பிழைத்திருக்கின்றன. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். அடித்துவிட்டால் ஜோடி வந்து பழிவாங்கும் என்று சொல்லி இரவெல்லாம் தடியோடு காவல் இருக்கிறார்களே, அந்தத் தடியை வைத்துவிட்டு மறுநாள் கதவடி இடைவெளியை ஒரு ரப்பர் பட்டையால் அடைத்தால் என்ன? பாம்புக்கு ஜோடிப் பாசமும் இல்லை, முகவரி நினைவும் இல்லை. தேரை இருக்கும்வரை வரும்.

எதிரே பார்த்துவிட்டால் கையை ஆட்டாதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. கையை அது பொருட்படுத்தாது. தலையை ஆட்டாமல், முகத்தை வெடுக்கென்று திருப்பாமல், மெல்லப் பின்வாங்கிக் கதவைச் சாத்தி, பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. குழாய்த் தண்ணீரை மெதுவாக ஓடவிட்டுப் பதினைந்து, இருபது நிமிடம் கழுவுங்கள். இமையைப் பிடித்துத் திறந்து வைக்க இன்னொருவர் வேண்டியிருக்கும், அவ்வளவு வலி. தாய்ப்பால், மூலிகைச் சாறு, சிறுநீர் ஒன்றும் வேண்டாம். சுத்தமான நீர் போதும். நாய்க்கும் இதே வைத்தியம். பிறகு மருத்துவரிடம் போய்க் கார்னியாவில் புண் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கவனித்தால் பெரும்பாலும் பார்வை முழுமையாகத் திரும்பிவிடும். கவனிக்காமல் கிருமி தொற்றினால் பார்வையே போகலாம். மூக்குக்கண்ணாடியில் காய்ந்த துளிகளைக் கைக்குட்டையால் துடைத்து அதே கைக்குட்டையால் கண்ணைத் துடைக்காதீர்கள்.

கண்ணில் பட்டதற்கு விஷமுறிவு மருந்து தேவையில்லை. கடிக்குத் தேவை. இந்த நாகம் இரவில் வீட்டுக்குள் உலவி, தூங்குகிறவர்களைக் கடிப்பதுண்டு. கடித்த இடத்துச் சதை அழுகும். இங்கே பத்து இனப் பாம்புகளுக்குப் பொதுவான மருந்து ஒன்று குதிரை ரத்தத்திலிருந்து ஜொகன்னஸ்பர்க்கில் தயாராகிறது. நாடு முழுக்க அந்த ஒரே கூடத்தை நம்பியிருக்கிறது. அண்மை ஆண்டுகளில் அதற்குத் தட்டுப்பாடு வந்தபோது மருத்துவர்கள் மட்டுமல்ல, கால்நடை மருத்துவர்களும் கையைப் பிசைந்தார்கள். மைதானம் கட்டப் பணம் கிடைக்கிற நாட்டில் நாலு குதிரை லாயம் கூடுதலாகக் கட்டப் பணமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாம்புக்கடி ஏழைகளின் நோய். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களைத்தான் அதிகம் தேடி வருகிறது. அதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நிலைமை மாறும்வரை, உங்கள் ஊரில் இரவு நேரத்தில் அந்த மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று பகலிலேயே விசாரித்து, எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.