உணவின் புகையை எந்த நாட்டின் பெயரில் எழுதுவது?

மனிதச் செயல்பாடுகளால் வெளியேறும் பசுங்குடில் வாயுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நம் உணவுக்காக வெளியேறுகிறது. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் இணைந்து 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2015இல் இந்த அளவு, எல்லா வாயுக்களையும் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையாக மாற்றிக் கணக்கிட்டால், சுமார் 1,800 கோடி டன். அதில் சீனாவின் பங்கு 13.5 விழுக்காடு, அடுத்து இந்தோனேசியா 8.8, அமெரிக்கா 8.2, பிரேசில் 7.4, இந்தியா 6.3.

இந்தோனேசியா அமெரிக்காவை முந்துவது எப்படி? விடை வயலில் இல்லை, வயலுக்காக அழிக்கப்படும் காட்டில் இருக்கிறது. சுமத்ராவிலும் போர்னியோவிலும் பல அடி ஆழத்துக்கு மட்காத தாவரக் கரிமம் தேங்கிய சதுப்பு நிலங்கள் உள்ளன. எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்காக அவற்றின் நீரை வடித்ததும், காற்றுப் பட்ட கரிமம் சிதைந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேறத் தொடங்குகிறது. உலர்ந்த மண்ணில் தீப்பிடித்தால் எளிதில் அணைவதில்லை. 2015 அத்தகைய பெருந்தீ பரவிய ஆண்டு. நில மாற்றத்தைக் கணக்கிலிருந்து விலக்கினால் இந்தோனேசியாவின் அளவும் பிரேசிலின் அளவும் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் அப்படி விலக்குவது, என் பார்வையில், நேர்மையான கணக்கன்று.

இனி மக்கள்தொகையால் வகுத்துப் பார்க்கலாம். மேற்கண்ட எண்களின்படி ஓர் இந்தியருக்கு ஆண்டுக்கு ஒரு டன்னுக்கும் குறைவாகவும், ஓர் அமெரிக்கருக்கு நாலரை டன் அளவிலும் வருகிறது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நியூசிலாந்தில் கறக்கும் பாலின் பெரும்பகுதி பிற நாடுகளுக்குச் செல்கிறது. ஆனால் மாடு அசைபோடும்போது வெளிவிடும் மீத்தேன் அந்தச் சிறிய நாட்டின் பெயரிலேயே பதிவாகிறது. உண்பவரின் கணக்கில் எழுதினால் சுமை இறக்குமதி நாடுகளுக்கு மாறும். ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு என்று கேட்டாலோ, அதிகம் கறக்கும் நியூசிலாந்து மாடு நன்றாகவும், வைக்கோலைத் தின்று குறைவாகக் கறக்கும் இந்திய மாடு மோசமாகவும் தெரியும்.

மீத்தேனை எடைபோடுவதிலும் ஒரு தேர்வு ஒளிந்திருக்கிறது. வளிமண்டலத்தில் சுமார் 12 ஆண்டுகளே தங்கும் அந்த வாயு, நூறாண்டுக் கணக்கில் அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு அளவில் வெப்பமூட்டுகிறது. இருபதாண்டுக் கணக்கில் அது 80 மடங்கை எட்டுகிறது. காலவரம்பைச் சுருக்கினால் மாடும் நெல்லும் மிகுந்த நாடுகள் மேலேறும். டிராக்டரும் உரத் தொழிற்சாலையும் மிகுந்தவை ஒப்பளவில் கீழிறங்கும்.

இந்த எண்களை யாரும் வயல்தோறும் கருவி வைத்து அளந்ததில்லை. மாடுகளின் எண்ணிக்கை, நெல் விளையும் பரப்பு, இட்ட உரத்தின் அளவு ஆகியவற்றை உரிய காரணிகளால் (ஒரு மாட்டுக்கு, ஒரு வயல் பரப்புக்கு எவ்வளவு வாயு என்ற மதிப்புகளால்) பெருக்கியே இவை கிடைக்கின்றன. நெல்லுக்கான காரணி நீர் நிற்கும் விதத்தைப் பொறுத்தது. எப்போதும் நீர் நிற்கும் வயலில் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் மீத்தேனை உருவாக்குகின்றன; தமிழக உழவர்கள் அறிந்த காய்ச்சலும் பாய்ச்சலுமான, அதாவது வயலைக் காயவிட்டு மீண்டும் நீர் பாய்ச்சும் பாசனத்தில் மண்ணுக்குக் காற்று கிடைப்பதால் அது ஏறத்தாழப் பாதியாகிறது. ஆனால் எவ்வளவு பரப்பில் அம்முறை நடக்கிறது என்று அரசிடம் பதிவு இல்லாவிட்டால், குறைந்த மீத்தேன் நாட்டின் அறிக்கையில் குறையாமலேயே நிற்கும்.