சீல்: வைப்பதா, அடைப்பதா, தூர்ப்பதா?

"எரிவாயுக் கிணற்றுக்கு நிரந்தரச் சீல்." திருத்துவதற்காக என் கைக்கு வந்த ஒரு மொழிபெயர்ப்பின் தலைப்பு இது. படித்ததும் வட்டாட்சியரும் நான்கு காவலர்களும் கிணற்றடியில் அரக்கு உருக்கிக்கொண்டிருக்கும் காட்சிதான் கண்முன் வந்தது.

குற்றம் மொழிபெயர்த்தவருடையது மட்டுமல்ல. சின்னம், அடையாளம் என்று பொருள்படும் இலத்தீனச் சொல் 'சிக்னம்'. அதன் சிறுவடிவம் 'சிகில்லும்'. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் 'சீல்' ஆயிற்று. கடிதத்தை மடித்து அதன் மேல் மெழுகில் முத்திரை பதித்ததால், பதிப்பதைக் குறித்த சொல் மூடுவதையும் குறிக்கத் தொடங்கியது. பின்னர் காற்றும் நீரும் புகாமல் அடைப்பது வரை அதன் பொருள் நீண்டது. தமிழில் நாம் வாங்கிக்கொண்டது முதல் பாதியைத்தான். கடைக்குச் சீல் வைத்தால் மனிதர்கள் நுழையமாட்டார்கள். கதவிடுக்கில் எலி தாராளமாகப் போய்வரும்.

முத்திரைக்குத் தமிழில் பொறி, இலச்சினை என்ற பழஞ்சொற்கள் உண்டு. பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகத்துச் சுங்கக் காவலர் பண்டங்களின் மேல் "புலி பொறித்துப் புறம் போக்கி" விடுகிறார்கள். அங்கே பொறி வைப்பது வெளியே அனுப்புவதற்காக! வாயுவை உள்ளே நிறுத்தும் வேலைக்கு அந்தச் சொல் உதவாது.

அந்தச் செய்தி கலிபோர்னியாவின் அலிசோ கேன்யனைப் பற்றியது. எண்ணெய் எடுத்துத் தீர்ந்த வயலில், பாறைத் துளைகளுக்குள் எரிவாயுவை அழுத்தி ஏற்றிச் சேமித்திருந்தார்கள். 1953இல் தோண்டிய ஒரு கிணற்றின் இரும்புக் குழாய் துருப்பிடித்து உடைய, 2015 அக்டோபர் 23 அன்று கசிவு தெரிந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. ஏறத்தாழ ஒரு இலட்சம் டன் மீத்தேன் காற்றில் கலந்தது. கிணற்றின் வாய் வழியாகக் கனத்த திரவத்தைப் பலமுறை இறக்கிப் பார்த்தார்கள். உள்ளிருந்த அழுத்தம் அதை வெளியே தள்ளிவிட்டது. பிறகு அருகில் இன்னொரு கிணறு தோண்டி, இரண்டரை கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பழைய கிணற்றைத் துளைத்து, அடியிலிருந்து திரவத்தைச் செலுத்தினார்கள். 2016 பிப்ரவரி 11 அன்று வாயு நின்றது. அதன்மேல் சிமெண்ட் இறக்கி, 18ஆம் தேதி கிணறு நிரந்தரமாக மூடப்பட்டதாக அறிவித்தார்கள்.

இங்கே நடந்தவை இரண்டு வேலைகள். திரவத்தின் கனத்தால் வாயுவை நிறுத்துவதை கிணறு துளைப்பவர்கள் ஆங்கிலத்தில் கிணற்றைக் 'கொல்வது' என்பார்கள். நமக்கு 'அடக்குதல்' போதும். திமிறுவதை அடக்கத்தானே வேண்டும்? அடுத்தது தூர்த்தல். வறண்ட கிணற்றில் கல்லும் மண்ணும் கொட்டி, தண்ணீர் விட்டு இறுகச் செய்வதைக் கிராமத்தில் இப்படித்தான் சொல்வார்கள். குழாய் ஓட்டைக்கு 'அடைத்தல்' சரி. வாயுத் தேக்கத்தின் மேல் இயற்கையாகவே கவிந்திருக்கும் கெட்டிப்பாறையையும் ஆங்கிலத்தில் சீல் என்கிறார்கள். அதை 'மூடுபாறை' எனலாம்.

தலைப்பை "எரிவாயுக் கிணறு தூர்க்கப்பட்டது" என்று மாற்றினேன். 'தூர்' யாருக்குப் புரியும் என்று பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் எழுதிக்கொண்டிருந்ததோ ஏரி தூர்வாரும் பணி பற்றிய செய்தி.