மூக்கனுக்கு இன்றைக்கு ஊசி வேண்டாம்

காலை ஏழு மணிக்கு அத்தையிடமிருந்து போன். “ஏல, தொண்ணூத்திரெண்டுதான் காட்டுது. ஊசி போடவா, வேண்டாமா?”

அத்தைக்குப் பதினைந்து வருடமாகச் சுகர். “உங்களுக்கு அது நல்ல அளவுதானே அத்தை” என்றேன். “எனக்கில்லல, மூக்கனுக்கு!”

மூக்கன், பாளையங்கோட்டை மகாராஜநகரில் அத்தை வீட்டில் வளரும் கடுவன் பூனை. மூக்கில் ஒரு கறுப்பு மச்சம், அதனால் அந்தப் பேர். ஒன்பது வயது, ஆறு கிலோ. இரண்டு மாதத்துக்கு முன்னால் தண்ணீர்ச் சட்டியே கதி என்று கிடந்தான். மணல் தட்டு ஒரே நாளில் நனைந்து கட்டிகட்டியாகிவிடும். தினமும் ஏறுகிற மதிலில் ஏற முடியாமல் சறுக்கி விழுந்தான். நடையும் மாறியிருந்தது. விரல்களை ஊன்றி நடக்க வேண்டியவன், பின்கால்களைக் குதிகால் வரைக்கும் தரையில் பதித்து, முயல் மாதிரி நடந்தான். சர்க்கரை அதிகமாகி நரம்பைக் கெடுக்கும்போது சில பூனைகள் இப்படி நடக்கும். ரத்தத்தில் பார்த்தால் 430.

கிளார்ஜின் இன்சுலின், காலை மாலை ஒவ்வொரு யூனிட் என்று தொடங்கி, ஒன்றரை யூனிட்டில் நின்றது. போன மாதம் முழுக்க அந்த ஒன்றரை யூனிட்டுக்கு 250-ஐ ஒட்டித்தான் எண் வந்தது. இப்போதும் அதே ஒன்றரைதான், எண் மட்டும் 92. மாறியது டோஸ் இல்லை, மூக்கனின் கணையம்.

நாய்க்குச் சுகர் வந்தால், பெரும்பாலும் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களே அழிந்துபோயிருக்கும். ஆயுசுக்கும் ஊசிதான். பூனையின் சுகர் வேறு ரகம், மனிதர்களின் இரண்டாம் வகைக்கு நெருக்கமானது. உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காது, கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கப் பார்க்கும். மூக்கன் விஷயத்தில் உடம்பு பருமன் ஒரு காரணம். இன்னொன்று, தோல் அரிப்புக்கு ஓர் இடத்தில் போட்ட ஸ்டீராய்டு ஊசி. ஸ்டீராய்டு இன்சுலினின் வேலையைத் தடுக்கும். சமாளிக்க முடியாத கட்டத்தில் சர்க்கரை ஏறும். ஏறிய சர்க்கரையே பீட்டா செல்களுக்கு நஞ்சாகி, அவை சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும், சர்க்கரை இன்னும் ஏறும். ஆரோக்கியமான பூனைகளுக்குப் பத்து நாள் தொடர்ந்து குளுக்கோஸ் ஏற்றிப் பார்த்த ஓர் ஆய்வில், அந்தப் பத்து நாளிலேயே அவற்றின் இன்சுலின் சுரப்பு படுத்துவிட்டது.

வெளியிலிருந்து இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இறக்கி வைத்தால், இந்தச் சுழல் அறுகிறது. களைத்துப்போன செல்கள் மெல்லத் தேறி மறுபடி சுரக்கத் தொடங்குகின்றன. அதற்குள் ஸ்டீராய்டின் வீரியமும் வடிந்துவிட்டால் நல்லதாயிற்று. ஊசியே இல்லாமல் நாலு வாரம் சர்க்கரை சரியாக நின்றால், அதை ‘ரெமிஷன்’ என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். நோய் தணிந்த நிலை. குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

எல்லாப் பூனைக்கும் இது வாய்க்காது. இன்சுலினோடு கூடவே சுரக்கும் அமிலின் என்ற ஹார்மோன், பூனைக்கும் மனிதனுக்கும் கணையத்தில் திரண்டு படிந்துவிடும் தன்மை உள்ளது. சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் 1987-இல் இந்தப் புரதத்தை அடையாளம் கண்டதே, ஒரு மனிதக் கணையக் கட்டியிலிருந்தும் சர்க்கரை நோய் வந்த ஒரு பூனையின் கணையத்திலிருந்தும்தான். அந்தப் படிவில் அழிந்துபோன செல் திரும்பாது, களைத்த செல்தான் திரும்பும். எனவே சீக்கிரம் தொடங்குவது முக்கியம். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் 55 பூனைகளுக்குக் கிளார்ஜின் கொடுத்து, வீட்டிலேயே சர்க்கரை பார்த்து, டோஸைக் கவனமாக ஏற்றி இறக்கினார்கள். நோய் தெரிந்து ஆறு மாதத்துக்குள் இந்த முறைக்கு வந்தவற்றில் 84 சதவீதம் ஊசியை விட்டன. அதற்குப் பிறகு வந்தவற்றில் 35 சதவீதம்.

இடையில் ஒன்று. அல்வா ஊரில் பூனைக்குச் சுகர் வந்ததை அத்தை தெருவே கேலி பேசியது. பூனைக்கு இனிப்பே தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் ஏற்பியைக் கட்டும் மரபணு ஒன்று பூனை இனத்தில் செயலிழந்து கிடப்பதை 2005-இல் கண்டுபிடித்தார்கள். மூக்கன் அல்வாத் துணுக்கை நக்குவது நெய்க்காக. அவனைக் கெடுத்தது, மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறும் பாக்கெட் உலர்தீனியும். உலர்தீனி உருண்டையாக நிற்பதற்கே மாவுச்சத்து வேண்டும். பூனையின் கல்லீரலோ மாமிசத்துக்கென்று அமைந்தது. ஒரேயடியாக வந்து குவியும் குளுக்கோஸைச் சட்டென்று பிடித்து வைக்கும் நொதி அதில் மிகக் குறைவு. சோற்றை நிறுத்தி, மாவுச்சத்து குறைந்த ஈரத்தீனிக்கு மாற்றினாலே சர்க்கரை வெகுவாக இறங்கும். இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது: டாக்டரிடம் சொல்லாமல் தீனியை மாற்றிவிட்டு, சோற்றுக் காலத்து டோஸையே போட்டால் பூனை மயங்கி விழும்.

இன்சுலின் டோஸை நான் புரிந்துகொண்டது தாமிரபரணியை வைத்துத்தான். பாபநாசத்தில் இன்று திறந்த தண்ணீர் இன்றைக்கே கடைமடைக்கு வந்துவிடாது. அணைக்கட்டு அணைக்கட்டாகத் தாண்டி, குளம் குளமாக நிரப்பித்தான் வந்து சேரும். கடைமடையில் தண்ணீர் இல்லையே என்று அன்றைக்கே இன்னொரு மதகையும் திறந்தால், மூன்றாம் நாள் வயல் மூழ்கும். கிளார்ஜினும் அப்படித்தான். புட்டிக்குள் அமிலத்தன்மையில் கரைந்திருக்கும். தோலுக்கடியில் போனதும், அங்கே அமிலம் இல்லாததால், நுண்ணிய படிகங்களாக உறைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். (அதனால்தான் அதில் தண்ணீரோ வேறு இன்சுலினோ கலக்கக் கூடாது.) காலை ஊசி தீருமுன் மாலை ஊசி வந்து சேர்ந்துகொள்ளும். இன்று டோஸைக் கூட்டினால் அதன் முழு விளைவு தெரியச் சில நாளாகும். ஒரு நாள் எண்ணைப் பார்த்து அன்றைக்கே டோஸைக் கூட்டுவது, நான் பார்த்தவரை, புதிதாக ஊசி போடுகிறவர்கள் எல்லோருக்கும் வருகிற ஆசை.

இப்போது கணையத்துக்கு வருவோம். அது உள்ளூர் மழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. அணையிலிருந்து வந்த தண்ணீரும் சமவெளியில் பெய்ததும் ஆற்றில் ஒன்றாகச் சேர்ந்தன. தணிவை நெருங்கும் பூனைக்கு ஆபத்து இதே வடிவத்தில் வருகிறது. ஊசி தன் அளவில் வந்துகொண்டிருக்கிறது, நமக்குச் சொல்லாமல் கணையமும் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. போன மாதம் மருந்தாக இருந்த ஒன்றரை யூனிட், இந்த மாதம் வெள்ளம். 430 காட்டிய காலத்தைவிட 92 காட்டும் காலத்தில்தான் அதிகம் முழித்திருக்க வேண்டும் என்பது அத்தைக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று. எண் நன்றாக வருகிறதே, எதற்கு மாற்ற வேண்டும் என்பது அவர் கட்சி.

அன்றைக்குக் காலையில் டாக்டரைக் கேட்டோம். “ஊசி வேண்டாம்மா. சாப்பாடு வைங்க. ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு மறுபடி குத்திப் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க” என்றார். ஒரு வேளை ஊசி தவறினால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். தாழ்ந்த சர்க்கரையில் ஊசி போட்டால் சில மணி நேரத்தில் தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு என்று போய் உயிருக்கே உலை வைக்கும். ஊசிக்கு முந்தைய அளவு 150-க்குக் கீழே இருந்தால் போடுவதற்கு முன் கேளுங்கள் என்றுதான் புதியவர்களுக்குப் பல டாக்டர்களும் சொல்கிறார்கள்.

அவசரத்துக்கு என்று அத்தை உடன்குடிக் கருப்பட்டியில் பாகு காய்ச்சி வைத்திருந்தார். அவசரத்துக்கு அதுவும் உதவும், ஆனால் கருப்பட்டியில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ். குடலில் போய் உடைந்த பிறகுதான் குளுக்கோஸாகும். மெடிக்கலில் கிடைக்கும் குளுக்கோஸ் பவுடரையோ தேனையோ ஈறில் தடவுவது வேகம். நினைவில்லாத பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தடவிக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும். இன்னொன்று, சர்க்கரை மிகத் தாழ்ந்தால் கல்லீரல் பதறிப்போய்ச் சேமிப்பை அவிழ்த்துவிடும். அதனால் அடுத்த வேளை எண் எகிறியும் நிற்கலாம். அதைப் பார்த்து டோஸைக் கூட்டுவது, வெள்ளம் வடிந்த மறுநாளே மதகைத் திறப்பது மாதிரி.

அந்த 92-ஐ எவ்வளவு நம்பலாம்? மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். மனித ரத்தத்தில் குளுக்கோஸின் கணிசமான பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது, பூனைக்கு ஏறத்தாழ எல்லாமே வெளியே பிளாஸ்மாவில். கருவி மனிதக் கணக்கில் போடுகிறது. ஆகவே மூக்கனின் உண்மை அளவு நூறைத் தாண்டியிருக்கலாம். அதுவும் ஊசி தேவைப்படாத அளவுதான். முக்கியம், எப்போதும் ஒரே மீட்டரில் பார்ப்பது.

எங்கே பார்ப்பது என்பதும் அதே அளவு முக்கியம். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோவில் போய் இறங்குவதற்குள் மூக்கனுக்குப் பயத்திலேயே சர்க்கரை ஏறிவிடும். சுகரே இல்லாத பூனைக்குக்கூட இப்படி எகிறும். வீட்டில் 130, அங்கே 290. அதனால்தான் டாக்டரே வீட்டு எண்களை நோட்டில் எழுதிக் கொண்டுவரச் சொல்கிறார். சந்தேகம் வந்தால் ஃப்ரக்டோசமைன் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது அந்த நேரத்துப் பயத்தைப் பார்க்காது, கடந்த ஓரிரு வாரச் சராசரியைச் சொல்லும். வீட்டில் குத்துவது காது ஓரத்து ரத்தக்குழாயில். துணிப்பையில் சூடான அரிசியை முடிந்து காதில் ஒற்றினால் ரத்தம் சுலபமாக வரும். “எய்யா மூக்கா, ஆச்சுய்யா ஆச்சு” என்று அத்தை ஆரம்பித்ததுமே அவன் காதை மடக்கிவிடுவான், அது வேறு கதை.

இனி ஃபிரிட்ஜுக்குள் இருந்த ஆபத்து. அத்தை போடுவது 40 யூனிட் இன்சுலின், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். மூக்கனின் கிளார்ஜின் 100 யூனிட் ரகம், அதற்கு ஆரஞ்சு மூடி. இந்த எண்கள் ஒரு மில்லியில் எத்தனை யூனிட் என்பதைக் குறிக்கின்றன. மூக்கனின் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 5 யூனிட். இரண்டரை மடங்கு. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் இரண்டையும் வேறு வேறு டப்பாவில் போட்டு, மூக்கன் டப்பாவில் பூனைப் படம் வரைந்துவிட்டு வந்தேன். படம் எலி மாதிரி இருந்தது என்றாலும் வேலை செய்தது.

டோஸை இறக்குவது அரை அரை யூனிட்டாக, கடைசியில் கால் யூனிட். அரை யூனிட் என்பது 100 யூனிட் ரகத்தில் 0.005 மில்லி, ஒரு சொட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அத்தை பஞ்சாங்கம் பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துத்தான் அளந்தார். ஒன்றரையிலிருந்து ஒன்று, ஒரு வாரம் பார்த்து அரை. அரையில் ஒரு நாள் 210 வந்தது. கையும் காலும் ஓடாமல் போன் பண்ணினார். “ஒரு எண்ணுக்கு ஆட வேண்டாம்மா, மூணு நாள் பாருங்க” என்றார் டாக்டர். மூன்றாம் நாள் 140. அப்புறம் கால் யூனிட்.

ஒரேயடியாக நிறுத்திவிட்டால் என்ன என்று நானும் கேட்டேன். பாதி தேறிய செல்கள் முழுச்சுமையும் தலையில் விழுந்தால் மறுபடி களைத்துப்போகும். சர்க்கரை ஏறினால் பழைய சுழல் திரும்பத் தொடங்கும். கால் யூனிட் பார்க்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றினாலும் அந்தச் செல்களுக்கு அது ஒரு தோள் கொடுப்பு.

கால் யூனிட்டிலும் பத்து நாள் எண்கள் நின்றபிறகு ஊசி நின்றது. நிறுத்திய முதல் வாரம் தினமும், பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் காதில் குத்தினார் அத்தை. நாலு வாரம் தாண்டியது. இப்படி ஊசியை விட்ட பூனைகளில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்குச் சுகர் திரும்பி வருகிறது. அதனால் சோறு இல்லை, ஸ்டீராய்டு ஊசி இல்லை, எடை ஐந்து கிலோவுக்கு மேல் போகக் கூடாது, வாரத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும். தண்ணீர்ச் சட்டி எவ்வளவு காலியாகிறது என்பதை அத்தை கோடு போட்டே பார்க்கிறார்.

போன ஞாயிறு 104. மதில் மேல் படுத்திருந்தவனை நாற்காலி போட்டு ஏறி இறக்கித்தான் காதில் குத்த வேண்டியிருந்தது.